புகையே இல்லாத இடத்தில் இலையில் ஏன் புள்ளி?

கேள்வி: எங்கள் வீடு நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலை கிடையாது, பெரிய சாலையும் கிடையாது. வெயில் காலம் வந்தால் தோட்டத்தில் பீன்ஸ், உருளைக்கிழங்கு, தர்பூசணி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. உரம், பூச்சிமருந்து எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. வேளாண்மை படித்த உறவினர் ஒருவர் “இது ஓசோன் செய்கிற வேலை” என்கிறார். ஓசோன் நம்மைக் காக்கும் வாயு என்றுதானே பல வருடம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன்? புகையே இல்லாத இடத்தில் காற்று எப்படி மாசுபடும்? நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் உறவினர் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஓசோன் மேல் பழி போடும் முன் இலையை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். சிலந்திப் பேன் சாறு உறிஞ்சினாலும் ஏறக்குறைய இதே மாதிரிப் புள்ளிகள்தான் தெரியும்.

ஒரு சாதாரணக் கைலென்ஸ் போதும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய வலையும், நகர்கிற பொடிப் பூச்சிகளும் இருந்தால் அது சிலந்திப் பேன். வட்டம் வட்டமாக, நரம்பையும் தாண்டிப் பரவி, இரண்டு பக்கமும் தெரிகிற புள்ளி என்றால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். ஓசோன் காயம் பெரும்பாலும் இலையின் மேல்பக்கத்தில்தான் வரும். நரம்புகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருக்கும், நரம்புகள் பச்சையாகவே நிற்கும். முதலில் அடி இலைகளில் தெரியும். வயதான இலைகள் அந்தக் காற்றை அதிக நாள் உள்வாங்கியவை அல்லவா? ஓர் இலை மேல் இன்னொன்று படிந்து மறைத்த இடம் மட்டும் புள்ளியில்லாமல் சுத்தமாக இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும். நல்ல வெயில் அடித்து, காற்று அதிகம் அசையாமல் கிடந்த நாட்களை அடுத்து இது வருகிறதா என்றும் கவனியுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்று செடிகளுமே ஓசோனுக்குச் சீக்கிரம் அடிபடுபவை. அதனால்தான் நானும் உங்கள் உறவினர் பக்கம் சாய்கிறேன்.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் தவறே இல்லை. உலகத்திலுள்ள ஓசோனில் சுமார் 90 சதவீதம் நமக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. அதன் அடர்த்தியான பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் படர்ந்து, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. மீதி ஓசோனில் ஒரு பங்கு தரையை ஒட்டி, நாமும் செடிகளும் சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது. இரண்டும் ஒரே மூலக்கூறுதான், மூன்று ஆக்சிஜன் அணுக்கள். மூன்றாவது அணு அதனிடம் உறுதியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, பட்ட பொருளோடு சட்டென்று வினைபுரிந்துவிடும். மேலே இருக்கும்வரை அந்தக் குணத்தால் யாருக்கும் கேடில்லை. கீழே அது படுவது இலை, நுரையீரல், ரப்பர், துணிச் சாயம்.

சரி, இந்தக் கீழ் ஓசோன் எங்கிருந்து வருகிறது? ஓசோனை வெளியே விடும் புகைபோக்கி எது என்று தேடிப் போனால் கிடைக்காது. அது காற்றிலேயே, போகிற வழியில், வெயிலில் உருவாகிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு இதற்குள்தான் இருக்கிறது. மாசு கலந்த இடத்திலேயே நிற்பதில்லை, கலந்தபடியே இருப்பதும் இல்லை. நகரத்தில் ஒன்றாகக் கிளம்பி உங்கள் தோட்டத்துக்கு வேறொன்றாக வந்து சேருகிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியதே பயிர்கள்தான் என்பது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் ஒன்று பகலில் படர ஆரம்பித்தது. நிலக்கரிப் புகையால் வரும் மூட்டத்தை உலகம் அதற்கு முன்பே அறியும். பின்னால் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடி ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்ததும் அந்த வகைதான். லாஸ் ஏஞ்சலிஸ் மூட்டமோ குளிரில் வரவில்லை, நல்ல வெயிலில் வந்தது. சுற்றுப்பட்ட கீரை வயல்களில் இலைகள் வெள்ளி பூசியது போலவும் வெண்கல நிறமாகவும் மாறின. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடால் வரும் காயம் எப்படி இருக்கும் என்று பயிர்நோய் நிபுணர்களுக்குத் தெரியும். இது அதுபோல் இல்லை.

அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் இந்தக் காற்றைப் பிடித்துச் சோதிக்கத் தொடங்கினார். பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் ஓசோன் உருவாகிறது என்றும், அந்தக் கலவையில் வைத்த செடிகளுக்கு வயலில் கண்ட அதே காயம் வருகிறது என்றும் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டில் எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்பதை வைத்தே அன்று ஓசோனை அளந்தார்கள். குற்றவாளி தொழிற்சாலை மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்த ஊருக்கு, தான் ஓட்டும் காரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று புரிய இன்னும் பல வருடம் ஆனது.

வேதியியல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கிறது. பிரிந்து வரும் ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. மீந்த நைட்ரிக் ஆக்சைடு அதே ஓசோனிடமிருந்து ஓர் அணுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு பழையபடி நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிவிடுகிறது. கொடுத்த கடனை உடனே திருப்பி வாங்கிக்கொள்கிற கணக்கு மாதிரி, கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பெட்ரோல் ஆவி போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் நடுவில் புகும்போதுதான் கணக்கு மாறுகிறது. அவை காற்றில் சிதையும்போது உண்டாகும் துணுக்குகள், நைட்ரிக் ஆக்சைடுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தாங்களே கொடுத்துவிடுகின்றன. ஓசோன் செலவாகாமல் தங்குகிறது, வெயில் ஏற ஏறக் கூடுகிறது.

இப்போது உங்கள் நாற்பது கிலோமீட்டரைப் பாருங்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்று அந்தத் தூரத்தை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும். காலை நெரிசலில் வெளியான வாயுக்கள் பிற்பகலில் உங்கள் பக்கம் வந்து சேரும்போது ஓசோன் நன்றாகத் திரண்டிருக்கும். நகரத்துக்கு உள்ளேயோ, வண்டிகள் புதிது புதிதாக விடும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுகொண்டே இருக்கிறது. அதனால் நெரிசலான சாலையோரத்தைவிட அமைதியான புறநகரிலும் கிராமத்திலும் ஓசோன் அதிகமாக இருப்பது வழக்கம். இரவிலும் இதே கதைதான். நகரத்தில் இருட்டியதும் ஓசோன் விறுவிறுவென்று இறங்கும். வண்டி குறைந்த இடத்தில், குறிப்பாக மேட்டு நிலத்தில், வெகு நேரம் நீடிக்கும்.

2020 ஊரடங்கு நாட்களில் உலகத்தின் பல நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு வெகுவாகக் குறைந்தது, அவற்றில் பலவற்றில் ஓசோன் கூடியது. இதைக் காட்டி “வண்டி குறைந்தால் ஓசோன் கூடுகிறது, பிறகு எதற்குக் கட்டுப்பாடு?” என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தைக் கேட்டால் கோபம் வரும். நைட்ரஜன் டை ஆக்சைடே நுரையீரலுக்குக் கெடுதல். அதோடு, நகர மையத்தில் ஓசோனைத் தின்ற அதே வாயுதான் சில மணி நேரம் கழித்து உங்களைப் போன்றவர்கள் தலைக்கு மேல் ஓசோனை உண்டாக்குகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஆவியாகும் சேர்மங்களையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், போதுமான அளவு குறைக்க வேண்டும். பாதி வழியில் நின்று கணக்குப் பார்த்தால் தப்பான விடைதான் வரும்.

மூலங்கள் என்று பார்த்தால், நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு எரிபொருளில் நைட்ரஜன் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எரிகிற இடத்துச் சூடு போதும். காற்றில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த வெப்பத்தில் இணைந்துவிடும். கார் எஞ்சின், மின் நிலையக் கொதிகலன், கப்பல், விமானம் எல்லாம் இதைச் செய்கின்றன. நீல நிறத்தில் சுத்தமாக எரிகிற எரிவாயு அடுப்பும் செய்கிறது. புகை வரவில்லை என்பதால் மாசு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மின்னலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும்கூடக் கொஞ்சம் உண்டாக்குகின்றன.

ஆவியாகும் சேர்மங்கள் இன்னும் விசித்திரம். பெட்ரோல் ஆவி எல்லோருக்கும் தெரியும். பெயின்ட், வார்னிஷ், பசை, தரை துடைக்கும் திரவம், வாசனைத் தெளிப்பான் ஆகியவற்றின் மணமும் அதே குடும்பம்தான். வண்டிப்புகையைக் கட்டுப்படுத்துவதில் அமெரிக்க நகரங்கள் முன்னேறிய பிறகு, பெட்ரோலிய மூலத்திலிருந்து காற்றில் சேரும் இத்தகைய சேர்மங்களில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட அன்றாடப் பொருட்களிலிருந்து வருகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

மரங்களும் விடுகின்றன. ஐசோப்ரீன் என்ற சேர்மத்தை மட்டும் உலகத்துத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் வெளியிடுகின்றன, சூடு கூடினால் இன்னும் அதிகமாக. இதைப் படித்துவிட்டு யாரும் மரத்தை வெட்டக் கிளம்ப வேண்டாம். நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் கலக்காத காட்டில் ஐசோப்ரீன் பெரிதாக ஓசோனை உண்டாக்குவதில்லை. நாம் அனுப்பும் வாயுவோடு சேரும்போதுதான் அது ஓசோனாக முடிகிறது.

மீத்தேனையும் விடக் கூடாது. கால்நடை, நீர் தேங்கிய வயல், குப்பைமேடு, எண்ணெய்-எரிவாயுக் குழாய்க் கசிவு என்று பல இடங்களிலிருந்து வருகிறது. மெதுவாகத்தான் வினைபுரியும், அதனால் சுமார் பத்துப் பன்னிரண்டு வருடம் காற்றில் தங்கி உலகம் முழுக்கப் பரவிவிடுகிறது. நகரமே பக்கத்தில் இல்லாத இடத்திலும் ஓசோனின் அடிமட்ட அளவு உயர்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடை வாங்குவதற்காகத் திறந்திருக்கும் இலைத்துளைகள் வழியாகவே ஓசோனும் நுழைகிறது. உள்ளே செல்களின் சவ்வைத் தாக்குகிறது. செடி அதைச் சமாளிக்கத் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது, ஒளிச்சேர்க்கை குறைகிறது, இலை சீக்கிரம் முதிர்ந்து உதிர்கிறது, வேருக்கும் காய்க்கும் போக வேண்டிய சத்து குறைகிறது. இதெல்லாம் புள்ளி எதுவும் தெரியாமலேயே நடக்கலாம். உங்கள் செடிகளில் புள்ளியாவது தெரிகிறது. கோதுமை வயலில் பல நேரம் எதுவும் தெரியாது, அறுவடையில் மட்டும் குறையும். 2000-ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பு ஒன்று, ஓசோனால் கோதுமை விளைச்சலில் 4 முதல் 15 சதவீதம் வரையும், சோயாவில் 8 முதல் 14 சதவீதம் வரையும் இழப்பு என்றது. பூக்களின் மணத்தையும் ஓசோன் சிதைக்கிறது. மணத்தைப் பிடித்து வரும் தேனீக்கும் அந்துப்பூச்சிக்கும் பூ இருக்கும் இடம் தெரியாமல் போகிறது.

ஒரு மாசு தூரத்தில் போய் வேறாக மாறும் என்பதை உலகம் இதற்கு முன்பும் ஒரு தடவை பட்டுத்தான் கற்றது. நிலக்கரியிலும் உலோகத் தாதுக்களிலும் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகி அக்கம்பக்கத்து ஊர்களை வதைத்தபோது, பல இடங்களில் கிடைத்த விடை புகைபோக்கியை உயர்த்துவது. கனடாவின் சட்பரியில் 1972-இல் இயங்கத் தொடங்கிய ஒன்று 381 மீட்டர் உயரம். சுற்றுப்புறத்தில் காற்று நன்றாகத்தான் ஆனது. மேலே போன வாயு நாட்கணக்கில் பயணம் செய்து, கந்தக அமிலமாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மழையிலும் பனியிலும் இறங்கியது. ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. ஸ்காண்டிநேவிய ஏரிகள் அமிலமாவதற்கு மற்ற நாடுகளின் புகைபோக்கிகள் காரணம் என்று ஸ்வீடன் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன் 1967-இல் சொன்னபோது ஏற்றுக்கொள்ள நிறையப் பேருக்கு மனமில்லை.

தூய மழையும் லேசான அமிலம்தான், அதன் பி.எச். (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.6. அதைவிட வெகுவாகக் கீழே இறங்கும்போது மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் கரைந்து ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. அது மீனின் செவுள்களைப் பாழாக்குகிறது. மண்ணிலுள்ள கால்சியமும் கரைந்து போய்விடுவதால் காட்டு மரங்கள் பலவீனமாகின்றன. நாடு விட்டு நாடு போகும் மாசைப் பற்றி 1979-இல் ஜெனிவாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் பிறகு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கந்தக வெளியீடு பெரிய அளவில் குறைந்தது. காற்று சில வருடங்களில் தேறிவிட்டது, போன கால்சியம் மண்ணுக்குத் திரும்பத்தான் பல பத்தாண்டுகள் ஆகின்றன. “சட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது” என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் இந்தக் கந்தகக் கணக்கைத்தான் காட்டுவேன்.

உங்கள் ஊரிலும் மூலம் இல்லாமல் இல்லை, அம்மா. வயலில் போடும் நைட்ரஜன் உரமும் கால்நடைச் சாணமும் அமோனியாவை விடுகின்றன. நகரத்திலிருந்து வரும் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் அந்த அமோனியாவோடு சேர்ந்து 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்களாகின்றன. பி.எம். 2.5 என்று செய்தியில் கேட்பீர்களே, அதில் கணிசமான பங்கு இப்படிக் காற்றில் உருவாவதுதான். கடைசியில் அந்த நைட்ரஜன் தரையில் படியும்போது காட்டுப் புல்வெளிகளுக்குக் கேட்காமலேயே உரமிட்டதாகிவிடுகிறது. வேகமாக வளரும் சில புற்கள் செழித்து, சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய சின்னப் பூச்செடிகளை மூடிவிடுகின்றன.

ஆசிரியை என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் படரும் லைக்கன்களைப் பாருங்கள். வேர் இல்லாததால் வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான் எடுக்கின்றன. பாரிஸ் நகரத்து லைக்கன்களைப் பார்த்துக் காற்றின் தரத்தைச் சொல்லலாம் என்று தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் 1866-இலேயே எழுதினார். புதர் போலத் தொங்கும் வகைகள் உங்கள் பக்கம் இருந்தால் கந்தக டை ஆக்சைடு குறைவு என்று நம்பலாம். ஓசோனைப் பற்றி அவை அவ்வளவாகச் சொல்லாது. அதற்கு உங்கள் பீன்ஸ் செடியே நல்ல சாட்சி.

செய்யக்கூடியது என்று கேட்டீர்கள். தோட்டத்தை ஓசோனிலிருந்து மறைக்க வழி கிடையாது, அதற்கென்று யாராவது மருந்து விற்றால் வாங்க வேண்டாம். ஒரே பயிரிலும் ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி மாறும். இரண்டு மூன்று பீன்ஸ் ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, எதில் புள்ளி குறைவு என்று பார்த்து அதன் விதையை எடுத்து வையுங்கள். பூச்சிமருந்தை நிறுத்துங்கள், ஓசோனுக்கு அது எதுவும் செய்யாது. புள்ளி விழுந்த தேதி, அன்றைய வெயில், காற்று வந்த திசை மூன்றையும் எழுதி வைத்தால் உறவினர் சொன்னதை நீங்களே சரிபார்த்துவிடலாம். காய்ந்த இலையைக் கொளுத்தாமல் மட்க வையுங்கள். பெயின்ட் வேலை இருந்தால் நீரில் கரையும் வகையைத் தேர்ந்தெடுங்கள். தனி ஒருவர் செய்யும் இவை சின்ன விஷயங்கள்தான். பெரிய மாற்றம் வண்டி, மின் உற்பத்தி, தொழிற்சாலை விதிமுறைகளில் வர வேண்டும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். நகர மையத்து அளவீட்டு நிலையம் காட்டும் எண் உங்களுக்குப் பொருந்தாது, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். வெயில் கடுமையான நாட்களில் தோட்ட வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், பிற்பகலில்தான் ஓசோன் உச்சத்தில் இருக்கும். மூச்சிரைப்பு இருந்தால் இது இன்னும் முக்கியம். தூசுக்கு உதவும் என்95 முகக்கவசம் ஓசோனை நிறுத்தாது, அது வாயு. சன்னல்களைச் சாத்தினால் வீட்டுக்குள் ஓசோன் நன்றாகக் குறையும்.

அப்புறம் ஒன்று. “காற்றைச் சுத்தமாக்கும்” என்று ஓசோனை உற்பத்தி செய்யும் கருவிகள் விற்பனையில் இருக்கின்றன. ஆட்கள் இருக்கும் அறையில் அதை ஓட்டுவது, தோட்டத்தில் இலையைக் கருக்கும் வாயுவை வீட்டுக்குள் விடுவதுதான். சுத்திகரிப்பான் தேவைப்பட்டால் வடிகட்டியால் மட்டும் வேலை செய்கிறதா, ஓசோனோ அயனியோ வெளிவிடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

– காற்றுத் தர ஆய்வாளர்